கூரைக்குக் கீழே அரை அங்குலம்

ஹேடன் க்ராஸிங், ஓக்லஹோமா
1997 மார்ச் 9

ரஸ்,

மூன்று மாதமாக உனக்கு எழுதக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்றைக்கு எழுதுவதும் கோபம் ஆறிவிட்டதால் இல்லை, காரியம் ஆக வேண்டியிருக்கிறது. போனில் கூப்பிடலாம்தான். அலாஸ்காவில் உங்கள் முகாமில் ஒரு போனுக்கு நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று நீதான் சொன்னாய். அந்தப் பத்தில் எட்டு நிமிடம் நாம் சண்டை போடுவோம்.

விஷயம் இதுதான். ஏப்ரல் 19 சனிக்கிழமை, கூண்டு பரிசோதகர் நம் பந்தயத் தடத்துக்கு வருகிறார். இந்தப் பக்கம் வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவார். போன செப்டம்பரில் என் பிக்கப் கால் மைலை 9.93 வினாடியில் ஓடி முடித்ததும் தடத்து அதிகாரி என்னை ஓரம் கட்டியது ஞாபகம் இருக்கிறதா? "பத்துக்குக் கீழ ஓடிட்டியேம்மா. இனிமே உள்ள, புரண்டா உயிர் காக்கற குழாய்க் கூண்டும், கூண்டுல ஸ்டிக்கரும் இல்லாம இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதே." ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் மே 17 பந்தயத்தில் இறங்குவேன். ஒட்டாவிட்டால் இன்னொரு வருஷம் நான் வேலைக்கு ஓட்டுகிற பள்ளிக்கூடப் பேருந்து மட்டும்தான். அதில் கால் மைலுக்கு மூன்று நிமிடம் ஆகும், நடுவில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள்.

படிவத்தில் குழாய் என்ன ரகம், சுவர் எவ்வளவு தடிமன், என்ன வெல்டிங் என்று கேட்டிருக்கிறார்கள். விவரமாக எழுது.

கூண்டு வேலையைத் தொடங்கிய ஹாலிஸ் அன்றிலிருந்து கராஜுக்குள் காலை வைக்கவில்லை. நவம்பரில் நன்றித் திருநாள் மேஜையில் எட்டுப் பேர் நடுவில் என் புருஷனை நீ கேட்டதை நான் மறக்கத்தான் பார்க்கிறேன். "ரெண்டு நாள் வேலைய ரெண்டு மாசமா இழுக்கறீங்களே மாமா, சைலன்சர் ஒட்டறவர் கையில எதுக்கு உயிர் காக்கற வேலை?" அவர் கிரேவிக் கிண்ணத்தை உன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் அவர் தன் சைலன்சர் கடைக்குக் கிளம்பியதும் நீ கராஜுக்குள் நுழைந்தாய். மூன்றே நாளில் கூண்டை முடித்து, கறுப்புப் பெயின்ட்டும் அடித்துவிட்டு விமானம் ஏறினாய். "மன்னிப்பு கேட்டுட்டுப் போடா" என்றதற்குக் கதவை அறைந்து சாத்தினாய்.

இன்னொன்று. ஹாலிஸ் கேட்கச் சொன்னார். கேட்கச் சொன்னார் என்றால், காபி குடிக்கும்போது ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே பேசுவது போல. என் தலைக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவோடு மேல் குழாய்கள் வந்து சேருகிற இரண்டு மூலைகளும் கூரையை ஒட்டி இருக்கின்றன. நடுவில் அரை அங்குலம்தான் இடம், மேல்பக்கத்துக்கு வெல்டிங் டார்ச் போகாது. அதற்காகத்தான் அவர் வண்டியின் தரையில், கூண்டின் கால்கள் வரும் இடத்தில் ஓட்டை போட்டு, கூண்டை ஒரு சாண் கீழே இறக்கி, உச்சியைச் சுற்றிலும் பற்றவைத்துவிட்டு மறுபடி தூக்கி நிறுத்துவதாக இருந்தார். நீ தரையை வெட்டவே இல்லையே, உச்சியை எப்படி முடித்தாய் என்று கேட்கிறார். சும்மாதான் கேட்கிறார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

டார்லா


வடக்குச் சரிவு முகாம், அலாஸ்கா
1997 மார்ச் 21

அக்கா,

படிவத்துக்கு: குழாய் குரோம்-மாலி எஃகு. வெளிவிட்டம் 1 5/8 அங்குலம். சுவர் 0.083. டிக் வெல்டிங். ஒரு எண்ணை மாற்றி எழுதினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் இதைப் பார்த்து அப்படியே எழுது. உன் கையெழுத்தில் மூன்றும் எட்டும் ஒரே மாதிரி இருக்கும். நிதானமாக எழுது.

பரிசோதகர் ஒரு சின்னக் கருவியைக் குழாய்மேல் வைத்து ஒலி அலையால் சுவரின் தடிமன் பார்ப்பார். அதற்குப் பயப்படாதே, குழாய் சரியான குழாய். ஹெல்மெட்டோடு, பெல்ட்டை இறுக்கி உட்காரச் சொல்வார். தலைக்கும் குழாய்க்கும் மூன்று அங்குலம் இருக்க வேண்டும். கொண்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் நிற்காதே. கதவுக் குழாய் உன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் போக வேண்டும், போகிறது, நான் அளந்துதான் வைத்தேன்.

யாரையும் கிரைண்டர் எடுக்க விடாதே. வெல்டு எங்காவது முண்டாகத் தெரிகிறது, அழகு படுத்துகிறேன் என்று தேய்த்தால் பார்த்த உடனே தள்ளிவிடுவார்கள். தேய்த்தவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் அதற்கு அர்த்தம்.

உச்சியைப் பற்றி. அதற்கெல்லாம் வழி இருக்கிறது. நாலு வருஷம் நான் படித்தது அதைத்தான். இங்கே பனியில், கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, குழாயின் பின்பக்கத்தைப் பற்றவைக்கிறோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். வேறு வழி தெரியாதவர்கள் ஓட்டை போடுவார்கள் என்று ஹாலிஸிடம் சொல்.

மேஜையில் சொன்னதில் தப்பு இல்லை. எட்டுப் பேர் நடுவில் சொல்லியிருக்க வேண்டாம். அவ்வளவுதான் ஒத்துக்கொள்வேன்.

இன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.

ரஸ்


ஹேடன் க்ராஸிங்
1997 ஏப்ரல் 20

ரஸ்,

பாஸ்! ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. வலது பக்கக் குழாயில், வரிசை எண்ணோடு. நேற்றிலிருந்து பதினைந்து தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

நேற்றுக் காலை எனக்கு முன்னால் பதினொரு வண்டிகள். நாலு வண்டி திரும்பிப் போயிற்று. ஒருவன் கூண்டு முழுக்க குரோம் பூச்சு பூசிக்கொண்டு வந்திருந்தான். "சான்று வாங்கறதுக்கு முன்னாடி எவன்டா உன்ன பளபளன்னு பண்ணச் சொன்னது? பெயின்ட்னா வெல்டு வரி தெரியும், இதுல உள்ள வெல்டு இருக்கா, வெல்லம் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று பரிசோதகர் கத்தினார்.

என் முறை வந்தது. குழாய் குழாயாகக் கருவியை வைத்துப் பார்த்தார். நீ சொன்ன எண்தான் எல்லா இடத்திலும். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தேன், அளந்தார். அப்புறம் பல் டாக்டர் வைத்திருப்பதைப் போல நீளக் கைப்பிடி போட்ட கண்ணாடி ஒன்றை எடுத்துக் கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரும்மா பண்ணது?"

"என் தம்பி. இதுக்குன்னே படிச்சவன். இப்ப எண்ணெய்க் குழாய் போடறான்."

"அதான் பாத்தேன். கீழ்ப்பக்கத்த விட மேல்பக்கம் அழகா இருக்கு. அலை அலையா, சில்லறைக் காசை அடுக்கி வெச்ச மாதிரி."

ரஸ், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹாலிஸைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து மாதம் கழித்து அன்றைக்குத்தான் வண்டி பக்கமே வந்திருந்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "அந்த உச்சிய ஒரே ஒரு இடத்துல சுரண்டிப் பாக்கறேன், டார்லா."

"ஸ்டிக்கர் ஒட்டினப்புறம் பெயின்ட்ட சுரண்டுவியா? என்ன பேச்சு இது?"

"கை போகாத எடத்துல வெல்டிங் அழகா இருக்காது. அசிங்கமா இருந்திருந்தா நம்பியிருப்பேன்."

அதற்கு நான் சொன்னதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. உன் வாக்கியம்தான். "அவன் படிச்சவன். நீ சைலன்சர் ஒட்டறவன். பொறாமைப்படறதையாவது ஒழுங்காப் படு." அவர் ஸ்க்ரூ டிரைவரை அதன் இடத்தில் மாட்டினார். இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு மேலே இருக்கும் அறைக்குப் போய்விட்டார். இன்றைக்கும் வரவில்லை.

வருவார். மே 17 அன்று ஜெயித்துவிட்டுப் போய்க் கூட்டி வருவேன்.

ஒரே ஒரு வரி எழுதிப் போடு ரஸ், உச்சியை எப்படிப் பண்ணினாய் என்று. அவரிடம் காட்டினால் வாய் அடைத்துப் போகும்.

டார்லா


வடக்குச் சரிவு முகாம்
1997 மே 2

அக்கா,

மே 17 அன்று வண்டியை ஓட்டாதே. இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மீதியைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் இது உனக்குத் தெரிந்திருக்கும்.

உச்சியில் இரண்டு மூலையிலும் மேல்பாதிக்கு வெல்டிங் இல்லை. அது பட்டி. உடம்பு நசுங்கிய காருக்குப் பூசுவார்களே, அதே பட்டி.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை நான் எடுத்த எடுப்பில் கால்களைத் தரைத் தகட்டோடு பற்றவைத்தேன். ஹாலிஸ் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தார். பார்த்தேன். எதற்கு என்று யோசிக்கக்கூட இல்லை, காலால் அழித்தேன். சனிக்கிழமை மத்தியானம் உச்சிக்கு வந்தேன். கீழ்ப்பாதி ஓடியது. மேல்பாதிக்கு டார்ச்சை நாலு கோணத்தில் வைத்துப் பார்த்தேன். போகவில்லை. அப்போதுதான் அந்த வட்டம் எதற்கு என்று புரிந்தது. கூண்டை இறக்கியிருக்க வேண்டும். கால்கள் தரையோடு ஒட்டியாகிவிட்டன. அறுத்து எடுத்து மறுபடி செய்ய ஒரு வாரம் வேண்டும். எனக்கு ஒரு நாள் இருந்தது.

உன்னைக் கூப்பிட்டு "மாட்டிக்கிட்டேன், ஹாலிஸ் சொன்ன வழிதான் சரி" என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. மேஜையில் பேசிய வாய் அதற்கு வரவில்லை.

ஹாலிஸின் அலமாரியில் பட்டி டப்பா இருந்தது. ஐஸ்கிரீம் குச்சியால் அப்பினேன். காய்வதற்குள் குச்சி நுனியால் அலை அலையாக வரி போட்டேன், வெல்டு மாதிரி. நன்றாக வந்தது. அந்தப் பரிசோதகர் புகழ்ந்தது என் வெல்டை இல்லை, அந்தக் குச்சியை.

அப்போது என்ன நினைத்தேன் என்றால், பரிசோதகர் எப்படியும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார், பழியைப் பெயின்ட் மேல் போட்டுக்கொள்ளலாம் என்று. அவர் கண்டுபிடிக்காமல் போவார் என்று நினைக்கவில்லை. போன கடிதத்தில் உனக்கு எழுதிய பதில் பொய். அதற்கு வழி எதுவும் இல்லை.

வண்டி புரண்டால் முதல் அடி அந்த மூலைகளில்தான் விழும். பாதி வெல்டு கிழியும். எந்தப் பக்கம் மடங்கும் என்றும் எனக்குத் தெரியும். உன் தலை இருக்கிற பக்கம்.

உன் கடிதம் வந்த அன்றே போன் வரிசையில் நின்றேன். மறுநாளும் நின்றேன். இரண்டு தடவையும் நீ எடுத்து "ஹலோ, யாரு?" என்றாய். வைத்துவிட்டேன். எழுதிப் போட்டுவிட்டால் திரும்பப் பிடுங்க முடியாது, அதனால் எழுதுகிறேன். தபால் விமானம் நாளைக்குப் போகிறது. பத்து நாளில் கிடைக்கும், பந்தயத்துக்கு முன்னால் கிடைத்துவிடும்.

ஹாலிஸ் சொன்ன இடத்தில் சுரண்டிப் பார்.

ரஸ்


ஹேடன் க்ராஸிங்
1997 மே 4

ரஸ், என் செல்லத் தம்பி,

பந்தயம் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. நேற்று பயிற்சி நாள் என்று தடத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். வண்டியை இறக்கிவிட்டேன்.

மூன்று ஓட்டம். 9.90. 9.84. கடைசி ஓட்டம் 9.71! மணிக்கு நூற்று முப்பத்தெட்டு மைல். நேரம் அச்சிட்ட சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

அந்தக் கடைசி ஓட்டத்தில் ஒரு கூத்து. பாதித் தூரம் தாண்டியதும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வலது பக்கம் இழுத்தது. சிமென்ட் சுவர் என்னை நோக்கி வருகிறது. ஒரு நொடி பின் சக்கரம் தரையில் இல்லை. பழைய டார்லாவாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கியிருப்பாள். நான் தூக்கவில்லை. மேலே இருக்கிறது என் தம்பி போட்ட கூண்டு, புரண்டால் புரளட்டும் என்று அழுத்திக்கொண்டே போனேன். வண்டி தானாக நேரானது. தடத்து அதிகாரி ஓடி வந்து, "என்னம்மா, உயிர் மேல ஆசையே இல்லையா?" என்றார். "கூண்டு மேல நம்பிக்கை" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

உனக்கு நான் நன்றி என்று சொன்னதே இல்லை. சின்ன வயதில் உன் மூக்கைத் துடைத்துவிட்டவளுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. இப்போது எழுத்தில் சொல்கிறேன்: நன்றி.

ஹாலிஸ் இன்னும் வரவில்லை. பயிற்சிக்கு வா என்று சொல்லி அனுப்பினேன். "உச்சியப் பாத்தியா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டு அனுப்பினாராம். என்ன மனுஷன்!

டார்லா


ஹேடன் க்ராஸிங்
1997 மே 13

ரஸ்ஸல்,

உன் கடிதம் நேற்று வந்தது. நின்றபடியே படித்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்குள் படுத்து, கையை மேலே விட்டுச் சுரண்டினேன். சாம்பல் பொடியாக என் முகத்தில் கொட்டியது. கண்ணில் விழுந்தது. மூடிக்கொள்ளத் தோன்றவில்லை.

நான் உனக்கு 4ஆம் தேதி ஒரு கடிதம் போட்டேன். இந்நேரம் கிடைத்திருக்கும். அதில் நன்றி என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை அடித்துவிடு.

சாயங்காலம் கடைக்குப் போனேன். ஹாலிஸ் ஒரு வண்டிக்கு அடியில் இருந்தார். உன் கடிதத்தை அங்கேயே நின்று முழுதாகப் படித்துக் காட்டினேன். அவர் வெளியே வரவில்லை. சக்கரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"எத்தன தடவ ஓட்டின?"

"மூணு."

கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம், "அவன் எழுதியாச்சும் சொன்னான்" என்றார்.

அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவர். உன்னைத் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவர் உன்னைத் திட்டாததால், நான் அவரைச் சொன்னது மட்டும்தான் அந்தக் கடைக்குள் மிச்சம் நின்றது.

நேற்று ராத்திரியே பரிசோதகருக்குப் போன் செய்துவிட்டேன். இன்றைக்கு அவரே கன்சாஸிலிருந்து வந்து ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். "முப்பது வருஷமா கண்ணாடி பிடிக்கறேன்" என்றார். காபி கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டார்.

மே 17 கிடையாது. வராதே. போன் பண்ணாதே.

டார்லா


வடக்குச் சரிவு முகாம்
1997 மே 26

அக்கா,

உன் 4ஆம் தேதிக் கடிதம் இங்கே 14ஆம் தேதி வந்தது. பின் சக்கரம் தரையில் இல்லை என்று நீ எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டேன். மேலே படிக்க இரண்டு நாள் ஆயிற்று. நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தும்தான், நீதானே எழுதியிருக்கிறாய். அப்படியும் முடியவில்லை.

பத்து நாள் போதும், பந்தயம் 17தானே என்று கணக்குப் போட்டேன். புதுக் கூண்டு போட்ட வண்டியை நீ ஒரு மாதம் துணி போட்டு மூடி வைத்திருப்பாய் என்று எந்த மடையன் நினைப்பான்? உன்னை முப்பது வருஷம் தெரிந்தவன் எவனும் நினைக்க மாட்டான். நான் நினைத்தேன், ஏனென்றால் அது எனக்கு வசதியாக இருந்தது. அன்று போனில் "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூன்று ஓட்டமும் நடந்திருக்காது.

பரிசோதகருக்கு எழுதிவிட்டேன். என் பெயர், வேலை செய்யும் இடம், என்ன செய்தேன், எப்படிச் செய்தேன், எல்லாம். குச்சியைப் பற்றியும். அடுத்த முறை யாராவது அப்படிச் செய்தால் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஹாலிஸுக்கும் தனியாக எழுதினேன். அதைப் படித்தாரா என்று கேட்க மாட்டேன்.

ஜூனில் இரண்டு வாரம் விடுப்பு எடுக்க முடியும். வந்து கூண்டை அறுத்து எடுத்து முதலிலிருந்து போட்டுத் தருகிறேன். தரையை வெட்டி, இறக்கி, ஹாலிஸ் போட்ட வட்டத்தில். அவர் பக்கத்தில் நிற்கட்டும். ஒவ்வொரு அங்குலத்தையும் அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அடுத்ததைத் தொடுகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி போடு.

ஓட்டச் சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ரஸ்


ஹேடன் க்ராஸிங்
1997 ஆகஸ்ட் 10

ரஸ்,

உன் மே மாதக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. வேண்டாம் என்று ஒரு வரி எழுதுவதற்குக்கூட உன் பெயரை மேலே எழுத வேண்டியிருந்தது.

கூண்டு முடிந்துவிட்டது. ஹாலிஸ் போட்டார். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை ரம்பத்தோடு வந்து கராஜ் கதவைத் தட்டினார். சொந்த வீட்டுக் கராஜை! கால்களை அறுத்தார், தரையை வெட்டினார், கூண்டை இறக்கினார். உன் மூலைகளைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பட்டி பட்ட குழாய்ல நல்ல வெல்டு உக்காராது" என்று அந்த இடங்களையே வெட்டி எடுத்துப் புதுக் குழாய் வைத்தார். ஐந்து சனிக்கிழமை. நான் ஜாக்கி பிடித்தேன், விளக்குப் பிடித்தேன். "கொஞ்சம் மேல", "கொஞ்சம் கீழ", இதைத் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை. உச்சி முடிந்ததும் என் கையில் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முண்டும் முடிச்சுமாக இருந்தது. சுற்றிலும் இருந்தது.

ஜூலையில் வண்டியை இழுத்துக்கொண்டு கன்சாஸ் வரைக்கும் போனோம், பரிசோதகரின் வீட்டுக்கே. இரண்டரை மணி நேரம் பார்த்தார். ஸ்டிக்கர் கொடுத்தார். அந்த வாரமே ஹாலிஸ் சட்டைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் ரஸ், இப்போதெல்லாம் என் வண்டிக் கதவைத் திறப்பதற்குக்கூட "தொறக்கட்டுமா?" என்று கேட்கிறார். பதினோரு வருஷமாக என் தட்டிலிருந்து கேட்காமல் எடுத்துச் சாப்பிட்ட மனுஷன். அது நீ செய்ததில்லை. அது என் வாய் செய்தது. அதை உன் கணக்கில் எழுத மாட்டேன்.

உன் கடிதத்தை அவர் படித்தார். "பரவால்ல, புரியற மாதிரி எழுதறான்" என்றார்.

இப்போது நான் சொல்ல வந்தது. நேற்று ஓட்டினேன். ஐந்து ஓட்டம். பச்சை விளக்கு விழுந்ததும் வண்டி பாய்ந்தது, எல்லாம் சரியாக இருந்தது. பாதித் தூரத்தில் என் கால் எழுந்துவிட்டது. நான் எடுக்கவில்லை, அதுவாக எழுந்தது. மிச்சத் தூரத்தை வண்டி அதுவாக ஓடி முடித்தது. பன்னிரண்டு வினாடி. இரண்டாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அதே இடம். ஐந்து தடவையும் அதே இடம்.

கூண்டு சரி என்று எனக்குத் தெரியும். என் கையால் விளக்குப் பிடித்தேன், என் கண்ணால் பார்த்தேன். ஹாலிஸ் சொல்கிறார், பரிசோதகர் சொல்கிறார். நானும் காலிடம் சொல்லிப் பார்த்தேன். ஏப்ரலிலும் இப்படித்தான் சரி என்று சொன்னார்கள் என்று அது நினைக்கிறது போல.

வண்டியை விற்கப் போகிறேன். அர்க்கன்சாவிலிருந்து ஒருவன் பார்க்க வருகிறான், இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வேண்டுமாம், மகளோ தங்கையோ. ஹாலிஸ் தடுக்கவில்லை. "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய், அரை மணி நேரம் சும்மா குழாயை வளைத்துக்கொண்டிருந்தார். எந்த வண்டிக்கும் இல்லை, சும்மா.

நன்றித் திருநாளுக்கு வா என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை. வராதே என்று சொல்லவும் வரவில்லை.

டார்லா


வடக்குச் சரிவு முகாம்
1997 ஆகஸ்ட் 24

அக்கா,

இந்தப் பதிலுக்கு மூன்று நாள் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டேன். ஹாலிஸ் வைத்த புது மூலை எத்தனை பாரம் தாங்கும், வண்டி எந்த வேகத்தில் எப்படிப் புரண்டாலும் அதற்கு மேல் போகாது என்று நாலு பக்கம். எண்கள் எல்லாம் சரி. அதை உனக்கு அனுப்பினால் உன் கால் கேட்கும் என்று நினைத்தேன் பார், அதுதான் நான். அடுப்பில் போட்டுவிட்டேன்.

அப்புறம் விற்காதே, கொஞ்ச நாள் பொறு, பழகிவிடும் என்று ஒரு பக்கம் எழுதினேன். பொறுமையைப் பற்றி நான் உனக்குச் சொல்வதா? அதுவும் போயிற்று.

9.71 ஓடியவள் நீ. அந்த ஓட்டத்தில் கூண்டு இல்லை, நீ மட்டும்தான் இருந்தாய். இதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

நன்றித் திருநாளன்று இங்கே வேலை வாங்கிக்கொண்டேன். நீ யோசிக்க வேண்டாம்.

அந்த அர்க்கன்சாக்காரன் வந்தால் எதையும் மறைக்காதே, முதல் கூண்டு எப்படி இருந்தது என்பதையும் சொல். அந்தப் பெண்ணை உள்ளே உட்கார வைத்து, கையில் கண்ணாடியைக் கொடு, உச்சியை அவளே பார்க்கட்டும். இப்போது இருப்பது நல்ல கூண்டு, எந்தப் பயமும் இல்லாமல் அழுத்தலாம் என்று சொல். ஹாலிஸ் சொன்னதாகச் சொல்.

நான் சொன்னதாக மட்டும் சொல்லாதே.

ரஸ்